ஷூட்டிங் ரேஞ்ச் ஈயத்தூளைப் பத்தியும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஷூட்டிங் விளையாட்டப் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, படிக்க நல்லா இருந்துச்சு. பாரிஸ்ல மனு பாக்கர் வாங்கின ரெண்டு வெண்கலம், கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான், 2021 மாநிலப் போட்டில அஜித் மெடல் வாங்கினப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பிச்ச காலேஜ் பசங்கன்னு எல்லாமே வந்திருந்துச்சு. துப்பாக்கி விலை, லைசென்ஸ், கோச்சிங் ஃபீஸ் வரைக்கும் எழுதிட்டு குண்டுல இருக்கற ஈயத்தப் பத்தி ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு உறுத்துது. நான் ரொம்ப வருஷமா சென்டர் ஃபயர், அதாவது பெரிய தோட்டா போடற பிஸ்டல், சுடறவன், என் பொண்ணு ஏர் பிஸ்டல் பழகறா, அதனால இத எழுதாம இருக்க முடியல.

ஈயச்சொம்புல ரசம் வைக்கறாங்களே அது வெள்ளீயம், அது வேற. நான் சொல்றது காரீயம், பேட்டரிக்குள்ள இருக்கறது, மீன் வலைக்கு கட்டறது. ஷூட்டிங்ல கிட்டத்தட்ட எல்லா குண்டும் இதுதான். ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலுக்குப் போடற 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஏறக்குறைய அரை கிராம், 60 ஷாட் மேட்ச்னா 30 கிராம் ஈயம். .22 ரிம் ஃபயர்னு சொல்ற சின்னத் தோட்டால ஒரு குண்டு சுமார் 2.6 கிராம். .32 ரிவால்வர்லயும் சென்டர் ஃபயர் பிஸ்டல்லயும் டார்கெட்டுக்குப் போடற வாட்கட்டர்ங்கற தட்டை மூக்கு குண்டு 6 கிராமுக்கு மேல, அப்போ ஒரு மேட்சுக்கு ஒரே ஆள் 380 கிராம் போல ஈயத்த எதிர்சுவத்துல குண்டு பிடிக்கறதுக்கு இருக்கற டிராப்ல கொண்டு போய் அடிக்கறாரு. பத்து லேன் இருக்கற ஹால்ல சாயந்திரம் பூரா பிராக்டிஸ் நடந்தா எவ்ளோ சேரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

ஏன் ஈயம்னு கேப்பாங்க. டார்கெட் ரிவால்வர் தோட்டாவுக்கு வேகம் கம்மி. .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 1896-ல வந்த தோட்டா, அதுல வாட்கட்டர் நொடிக்கு 200லேர்ந்து 250 மீட்டருக்குள்ளதான் போகும். அந்த வேகத்துக்கு தாமிர உறையே தேவையில்ல, அச்சுல வார்த்த ஈயக் குண்டுல சுத்தி ஒரு பள்ளம் எடுத்து மெழுகு மாதிரி ஒரு வழுக்குப் பசை போட்டா பேரலுக்குள்ள வழுக்கிட்டுப் போயிடும், பேப்பர்ல பஞ்ச் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும், பேரலும் தேயாது, விலையும் கம்மி. வேகத்தக் கூட்டினாதான் ஈயம் பேரலுக்குள்ள இருக்கற வரிப்பள்ளத்துல ஒட்ட ஆரம்பிக்கும். அதுக்காக ஆன்டிமனிங்கற உலோகத்தையும் வெள்ளீயத்தையும் கலந்து கெட்டியாக்குவாங்க. உங்க பத்திரிகை ஆபீஸ்லயே ஒரு காலத்துல இருந்திருக்குமே அச்சு எழுத்து வார்க்கற லைனோடைப் மெஷின், அதுல போடற உலோகமும் இதே மூணோட கலவைதான், 100-க்கு 84 பங்கு ஈயம். அமெரிக்காவுல குண்டு வார்க்கறவங்க பழைய அச்சாபீஸ் உலோகத்தத் தேடித்தேடி வாங்கறதுக்குக் காரணம் இதுதான். அங்க சொந்தமா குண்டு வார்த்து, சுட்டு முடிச்ச காலித் தோட்டாக் கூட்டையே திரும்ப நிரப்பிக்கறது சட்டப்படி அனுமதிச்ச பொழுதுபோக்கு. பொறுமையும் கணக்கும் வேணும்கற வேலை, அத நான் குறைச்சு சொல்ல வரல.

ஆனா அந்த வீடியோல்லாம் இங்க நம்ம பசங்க பாக்கறாங்க. புதுப்பேட்டைல வண்டி வீல் பேலன்ஸுக்கு மாட்டற ஈய வெயிட் கிலோ கணக்குல கிடைக்குமா, பழைய பேட்டரிய உடைச்சா ஈயம் எடுக்கலாமான்னு ரேஞ்ச் வாசல்ல நின்னுட்டு பேசறத நான் காதால கேட்டிருக்கேன். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது, 2019 திருத்தத்துக்கப்புறம் தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாது, ஆயுள் வரைக்கும் போகும். விளையாட்டு வீரர்ங்கற சர்டிஃபிகேட் அதுக்கு கவசம் கிடையாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டு அடுப்புல ஈயம் உருக்கறதே பெரிய ஆபத்து. 327 டிகிரில உருகிடும், சாதாரண கேஸ் அடுப்பு போதும், அதனாலதான் லேசா நினைக்கறாங்க. உருகின ஈயத்துல ஒரு சொட்டு தண்ணி விழுந்தா போதும், அது அந்த நொடியே நீராவியாகி மொத்த பாத்திரத்தையும் மூஞ்சிக்குத் தெறிக்க வைக்கும். மேல மிதக்கற சாம்பல் நிற ஆடைய வழிச்சுப் போடறாங்களே, அது ஈய ஆக்சைடு, காஞ்சதும் மாவா பறக்கும். சமையல்கட்டுல அது உக்காந்துச்சுன்னா அப்புறம் யார் வாய்க்குப் போகும்? தரைல தவழற குழந்தைக்குத்தான். காசிமேட்டுல வலைக்கு ஈயக்குண்டு வார்க்கற வீடுகளுக்கும் இதே பேச்சு பொருந்தும், அவங்க பொழைப்புக்காகப் பண்றாங்க, அவங்களுக்கு யாரும் இத உக்காந்து பொறுமையா சொன்னதில்ல.

இப்ப ரேஞ்சுக்கு வரேன், ஏன்னா சட்டப்படி, ஒழுங்கா, கம்பெனி தோட்டா வாங்கி சுடற எங்க எல்லாருக்கும் இதே ஈயம்தான் மூச்சுல போகுது. ட்ரிகர் இழுத்ததும் முதல்ல வெடிக்கறது பிரைமர், தோட்டா அடியில இருக்கற பத்தவைக்கற மருந்து. பெரும்பாலான பிரைமர்ல இருக்கறது லெட் ஸ்டிஃப்னேட், அதுவே ஈய உப்பு, வெடிச்சதும் கண்ணுக்குத் தெரியாத புகையா மாறுது. அடுத்தது குண்டோட அடிப்பாகம், உறையில்லாத ஈயம்னா பின்னாடியிருந்து சூடான வாயு அதை அரிச்சுட்டே தள்ளும். ரிவால்வர்ல இன்னொண்ணு இருக்கு, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி, அது வழியா ரெண்டு பக்கமும் புகையும் ஈயத்துகளும் பீச்சும், அது நம்ம மூஞ்சிலேர்ந்து ஒரு கை தூரம்தான். வெள்ளைச் சட்டை போட்டுட்டு ரிவால்வர் சுட்டுப் பாருங்க, மணிக்கட்டுக்கிட்ட சட்டைக் கையில சாம்பல் புள்ளி புள்ளியா இருக்கும். கடைசியா குண்டு டிராப்ல மோதி நசுங்கித் தூளாகறது. ஏர் ரைஃபிள்ல பிரைமரும் இல்ல, புகையும் இல்ல, அதனால ஆபத்து ரொம்பக் கம்மி, ஆனா பூஜ்யம் இல்ல. பெல்லட் டப்பாவத் தொறந்து ஒரு பத்து பெல்லட் எடுத்துட்டு கட்டைவிரலப் பாருங்க, பென்சில் தேச்ச மாதிரி சாம்பல் கலர் ஏறியிருக்கும். அந்த விரலோடயே பசங்க பிஸ்கட் பாக்கெட்டப் பிரிக்கறாங்க. சில பசங்க கைக்கு வசதியா இருக்குன்னு பெல்லட்ட உதட்டுல கவ்வி வச்சுக்கறாங்க, அதப் பார்த்துட்டு சும்மா இருக்கற கோச்சையும் நான் பார்த்திருக்கேன்.

இது உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்னு டாக்டர்கள் தெளிவா சொல்லிட்டாங்க. பாதிப்பே வராதுன்னு சொல்லக்கூடிய அளவு எதுவுமே ஈயத்துக்குத் தெரியலங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட நிலைப்பாடு. ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கேர்ந்து வருதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு 2021-ல வழிகாட்டுதல் கொடுத்தாங்க. பெரியவங்களுக்கு பிபி ஏறும், கிட்னி கெடும், களைப்பு, வயித்து வலி, மலச்சிக்கல் வரும், நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் கேஸ் மாத்திரை போட்டுட்டுப் போயிடுவாங்க. குழந்தைகளுக்கு மூளையத் தாக்குது, கவனம் சிதறும், படிப்பு பாதிக்கும், போனது திரும்பி வராது. அதே அளவு ஈயம் வயித்துக்குப் போனா பெரியவங்கள விட 4, 5 மடங்கு அதிகமா குழந்தை உடம்பு இழுத்துக்கும். ரத்தத்துல இருக்கறது ஒரு மாசம் போல ஆனா பாதியாக் குறையும், அதப் பார்த்து தப்பிச்சோம்னு நினைக்க வேணாம், ஏன்னா நிறைய எலும்புக்குள்ள போய் வருஷக்கணக்கா உக்காந்துக்கும், ஒரு பொண்ணு கர்ப்பமானா எலும்புலேர்ந்து கால்சியத்தோட சேர்ந்து அதுவும் வெளிய வந்து வயித்துல இருக்கற குழந்தைக்குப் போகும். இரும்புச்சத்து கம்மியான உடம்பு ஈயத்த இன்னும் வேகமா இழுக்கும், நம்ம பொண்ணுங்கள்ல எத்தன பேருக்கு ரத்தசோகைன்னு சொல்லத் தேவையில்ல. ஷூட்டிங்குக்கு இன்னிக்கு வர்றவங்கள்ல பொண்ணுங்க நிறைய, 12, 13 வயசுப் பசங்க நிறைய. நான் பயப்படறது அதுக்குத்தான்.

சென்னைக்கு இது புதுசு இல்லங்கறதையும் சொல்லணும். 2009-ல வெளியான ஒரு ஆராய்ச்சில நம்ம சென்னைல 3லேர்ந்து 7 வயசுக்குள்ள இருக்கற 756 பசங்க ரத்தத்த சோதிச்சாங்க, சராசரி 11.4 மைக்ரோகிராம் வந்துச்சு, அதிகமா இருந்த பசங்களுக்கு பதட்டமும் கவனக்குறைவும் கூட இருந்துச்சு. அதெல்லாம் ரேஞ்சுப் பக்கமே போகாத சின்னப் பசங்க. 2000-லயே பெட்ரோல்லேர்ந்து ஈயத்த எடுத்தாச்சு, 2017 நவம்பர்லேர்ந்து வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு விதி வந்தாச்சு. அப்படியும் 2020-ல யுனிசெஃப் கொடுத்த அறிக்கைல உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல இருக்குன்னும் அதுல இந்தியாவுலதான் அதிகம், 27 கோடிக்கு மேலன்னும் மதிப்பிட்டாங்க. ஏற்கனவே உடம்புல சுமையோட இருக்கற பசங்கள, விளையாட்டுன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் ஏத்திவிடறோம்.

எல்லாத்துலயும் எனக்கு மனசு கேக்காதது ரேஞ்ச்ல வேலை பாக்கறவங்க விஷயம். எந்த ரேஞ்ச்னு சொல்லல, சொன்னா அந்த ஒரு இடத்தோட பேச்சு முடிஞ்சிடும். பிராக்டிஸ் முடிஞ்சதும் ஒரு அண்ணன் பூந்துடைப்பம் எடுத்துட்டு வருவாரு, ஃபயரிங் லைன்லேர்ந்து ஆரம்பிச்சு டார்கெட் வரைக்கும் வறட்டுத் தரைய அப்படியே பெருக்குவாரு, ட்யூப் லைட் வெளிச்சத்துல தூசி எழும்பறது நல்லாவே தெரியும். அப்புறம் டிராப்பக் கழட்டி நசுங்கின ஈயத்த வெறுங்கையால பெயின்ட் டப்பால அள்ளுவாரு. மூக்குக்கு தோள்ல கிடக்கற துண்டுதான். முடிச்சுட்டு நிமிர்ந்தா புருவத்துலயும் மீசையிலயும் சாம்பல் படிஞ்சிருக்கும், அந்தக் கையோடயே பைக் எடுத்துட்டு வீட்டுக்குப் போய் பேத்தியத் தூக்குவாரு. இதே அண்ணன் ஒரு பேட்டரி ஃபேக்டரில வேலை பார்த்திருந்தா தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு இருக்கு, 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே காத்துல ஈயம் ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு இருந்துச்சு, ஈய நச்சு வந்தா அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்தே ஆகணும், அந்த நோய்ப் பட்டியல்ல முதல் வரிசைலயே அது இருக்கு. ரேஞ்ச் ஃபேக்டரி கணக்குல வராததால அவரு ரத்தத்துல என்ன இருக்குன்னு கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது.

இத சரி பண்ண ஒண்ணும் ராக்கெட் விட வேண்டியதில்ல. முதல் விஷயம் காத்து. சுடறவங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து நல்ல காத்து வரணும், அவங்களத் தாண்டி டார்கெட் பக்கம் போய் அங்க ஃபில்டர் வழியா வெளிய போகணும். தொழிலாளர் பாதுகாப்ப ஆராயற அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் ஃபயரிங் லைன்ல நொடிக்கு சுமார் 0.38 மீட்டர் வேகம் இருக்கணும்னு சொல்லுது, அதுவும் சீரா, சுழல் இல்லாம. இங்க என்ன நடக்குதுன்னா ஹால மூடிட்டு ரெண்டு ஸ்ப்ளிட் ஏசி மாட்டிடறாங்க, ஏசி இருக்கு, காத்து சுத்தம்னு சொல்லிடறாங்க. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தக் கொண்டு வராது, உள்ள இருக்கற அதே காத்தையே குளிராக்கி சுத்த விடுது. அது டார்கெட் பக்கம் சுவத்துல இருந்தா இன்னும் மோசம், புகைய நேரா மூஞ்சிக்கே திருப்பி அனுப்பும். பெத்தவங்க ஒரு வேலை பண்ணலாம், சுடறது எல்லாம் நின்னிருக்கும்போது அனுமதி கேட்டுட்டு ஃபயரிங் லைன்ல ஒரு ஊதுபத்திய கொளுத்திப் பிடிங்க. புகை நேரா டார்கெட் பக்கம் நகர்ந்து போச்சுன்னா பரவால்ல. நின்ன இடத்துலயே சுத்துச்சுன்னாலோ உங்க பக்கம் வந்துச்சுன்னாலோ உங்க பிள்ள மூச்சுக்கும் அதுதான் வருது.

பெருக்கறது அடியோட நிக்கணும். ஈரத்துணி போட்டுத் தொடைக்கணும், இல்லன்னா நுண்தூசியையும் பிடிக்கற ஹெப்பா ஃபில்டர் வச்ச வேக்குவம். டிராப் சுத்தம் பண்றவருக்கு ஒழுங்கான மாஸ்க், கையுறை, அங்கேயே கழட்டி வச்சுட்டுப் போக தனி டிரஸ், குளிக்க இடம், இதெல்லாம் நிர்வாகம் செலவு பண்ணியாகணும், ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கற இடத்துல இதுக்குக் காசு இல்லன்னு சொல்ல முடியாது. வாசல்லயே சோப்போட வாஷ் பேசின் வேணும், கை மூஞ்சி கழுவிட்டுதான் டிஃபன் பாக்ஸத் தொடணும், சானிடைசர் தேய்ச்சா ஈயம் போகாது, அது அங்கயே பரவிக் கிடக்கும். ரேஞ்சுக்குள்ள தண்ணி பாட்டில் தொறந்து வைக்கறதே வேணாம். ரேஞ்ச் ஷூவ வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, ரேஞ்ச் துணிய குழந்தை துணியோட மெஷின்ல போடாதீங்க. ஈயமில்லாத பெல்லட்டும் ஈயமில்லாத பிரைமர் போட்ட தோட்டாவும் வெளிநாட்டுல விக்குது, விலை கூடத்தான், ஆனா சின்னப் பசங்க அடிப்படைப் பயிற்சிக்காவது அசோசியேஷன் மொத்தமா வரவழைச்சுக் கொடுக்கலாம்.

அடுத்தது டெஸ்ட். மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல ஈயம் பாக்க மாட்டாங்க, தனியாக் கேக்கணும், பிளட் லெட் லெவல்னு சொன்னா பெரிய லேப்கள்ல எடுப்பாங்க. கைல நரம்புலேர்ந்து எடுக்கற ரத்தமா இருக்கட்டும், விரல் நுனில குத்தி எடுத்தா தோல்ல ஒட்டியிருக்கற ஈயத்தூள் கலந்து தப்பான நம்பர் வரலாம். கோச்சும் ரேஞ்ச் ஊழியரும் தவறாம வருஷா வருஷம் எடுக்கணும், .22-வும் சென்டர் ஃபயரும் சுடற பசங்களும்தான். ரிசல்ட் கூட வந்தா யாரும் பதறவேணாம், மொதல்ல ஈயம் வர்ற வழிய அடைச்சாலே அளவு இறங்க ஆரம்பிக்கும், மருந்து குடுத்து ஈயத்த வெளியேத்தற சிகிச்சை குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராம், அதுக்கு மேல போனாதான் வழக்கமா யோசிப்பாங்க, அத டாக்டர்தான் முடிவு பண்ணணும், இன்டர்நெட்ல பார்த்து யாரும் எதையும் வாங்கி முழுங்க வேணாம்.

இப்படியெல்லாம் எழுதினா பெத்தவங்க பயந்து பசங்கள நிறுத்திடுவாங்கன்னு என் நண்பர் ஒருத்தர், அவரும் கோச்தான், கோவிச்சுக்கிட்டாரு. நான் அத ஒத்துக்கல. இந்த விளையாட்டு என் பொண்ணுக்குக் கொடுத்த நிதானத்த நான் தினமும் பாக்கறேன், மூச்ச அடக்கி, கண்ண ஒரே இடத்துல நிறுத்தி, ட்ரிகர மெதுவா அழுத்தற அந்த ஒழுக்கம் வேற எங்கேர்ந்தும் அவளுக்கு வந்திருக்காது. அவ தொடர்ந்து சுடணும், அவளுக்கு அடுத்து வர்ற பசங்களும் சுடணும்னுதான் எழுதறேன். மறைச்சு வச்சா ஒரு நாள் யாரோ ஒரு குழந்தைக்கு ரிசல்ட் 30, 40-னு வரும், அன்னிக்கு எல்லா ரேஞ்சையும் இழுத்து மூடுங்கன்னு சத்தம் கிளம்பும், அப்ப எல்லாரும்தான் கஷ்டப்படுவோம்.

ஆசிரியர் சார், உங்க கிட்ட ரெண்டு வேண்டுகோள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துகிட்டயும் மாநில ஷூட்டிங் அசோசியேஷன்கிட்டயும் உங்க நிருபர அனுப்பி நேரா கேளுங்க: சென்னைல இருக்கற இன்டோர் ரேஞ்சுகள்ல கடைசியா எப்ப காத்துல ஈயம் அளந்தாங்க, யார் அளந்தாங்க, ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்திருக்கா, புதுசா ஒரு ஹாலுக்கு அனுமதி கொடுக்கறப்ப வென்டிலேஷன் பிளான யாராவது வாங்கிப் பாக்கறாங்களா. ரெண்டாவது, போரூர் ஸ்ரீராமச்சந்திராவுல சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்குன்னே ஒரு துறை இருக்கு, அங்க இருக்கற டாக்டர்கள்கிட்ட பேசி பெத்தவங்களுக்குப் புரியற மாதிரி அரைப் பக்கம் போடுங்க, காசிமேட்டு வலைக்காரங்களும் பேட்டரிக் கடைக்காரங்களும் அதப் படிப்பாங்க. பதில் வந்தாலும் வரலன்னாலும் அதையும் அப்படியே அச்சுல போடுங்க.

இப்படிக்கு,
ஷூட்டிங் பழகற ஒரு பொண்ணோட அப்பா,
பெரம்பூர், சென்னை.